ஏறும் தண்ணீரில் ஒரு கால்

“அசையாம நில்லுங்க மேடம். இப்ப வரும்” என்றான் அழகர்.

பாக்கியலக்ஷ்மி கணுக்கால் அளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றார். இடக்கொச்சிக் காயலில் கடல் உள்வாங்கித் தண்ணீர் இறங்கும்போது வெளிப்படும் சேற்றுத் திட்டு அது. திட்டின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கும் நேரத்தில் கொடுவா மீன் அங்கே இரை தேடி வரும்.

அசையாமல் நிற்பது மலை ஓடைகளில் டிரவுட் மீன் பிடிப்பவர்களின் பழக்கம். மீனின் இரண்டு பக்கமும் தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுகிறது. தண்ணீரில் எழும் சின்ன அதிர்வைக்கூட அது உணர்ந்துவிடும். ஓடையில் ஒரு கூழாங்கல் உருண்டால் போதும், டிரவுட் பாறைக்கடியில் ஒளிந்துகொள்ளும். அழகர் நீலகிரி ஓடைகளில் வழிகாட்டியாக இருந்தபோது, கோயம்புத்தூரில் பல் மருத்துவரான பாக்கியலக்ஷ்மி வருடம் தவறாமல் அவனிடம் வருவார். அவன் மட்டாஞ்சேரிக்கு வந்து, உள்ளூர் நண்பன் கபீரின் படகை வைத்து இதே தொழிலைத் தொடங்கியதும் இங்கேயும் வந்துவிட்டார். அங்கே இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்வார்கள். இங்கே அதே இறகில் இறால் குஞ்சு. அதற்குக் கனமே கிடையாது. தூண்டில் கயிறுதான் கனம். சாட்டைபோல விரிந்து அதுதான் கொக்கியைத் தூக்கிப் போகும். மலையிலும் காயலிலும் வீச்சு ஒன்றுதான்.

ஆனால் மலையில் காலடியில் கல் இருந்தது.

மீன் வரவில்லை. “போதும், அந்தப் பக்கம் போலாம்” என்று பாக்கியலக்ஷ்மி திரும்பினார். உடம்பு திரும்பியது, வலது கால் திரும்பவில்லை. இடது காலை ஊன்றி வெடுக்கென்று இழுத்தார். கால் வரவில்லை; நிலைதடுமாறிக் கனம் முழுவதும் அதன்மேல் விழ, வலது கால் தொடைவரை இறங்கிவிட்டது.

“இழுக்காதீங்க மேடம்!”

“இழுக்காம எப்படி வரும்? பல்லா, ஊசி போட்டுட்டு உக்காந்திருக்க?”

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். அழகரால் முடியவில்லை. கயிற்றில் சிக்கு எடுக்கவும் வலையைக் கொண்டுவரவும் அவன் நடந்துகொண்டே இருந்ததால் அவனைச் சேறு பிடிக்கவில்லை. அவர் நின்றது அவன் சொல்லித்தான்.

சேறு பிடிக்கும் விதம் இதுதான். காலைத் தூக்கும்போது பாதத்துக்கு அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது. அதை நிரப்பக் காற்றும் போக முடியாது, தண்ணீரும் போக முடியாது. அதனால் பாதம் கீழே உறிஞ்சப்படுகிறது. வேகமாகத் தூக்கினால் இன்னும் பலமாக உறிஞ்சும்.

திட்டின் மறுகோடியில் மூங்கில் குச்சியில் கட்டியிருந்த படகிலிருந்து கபீர் கத்தினான். “எந்தாடா அங்க?”

“கால் மாட்டிக்கிச்சு! படகக் கொண்டா!”

“எப்படிக் கொண்டார? இங்க முட்டளவு தண்ணிகூட இல்ல! கக்கா சிப்பி வாரறவங்களே அதுல நிக்க மாட்டாங்க, நீ சேச்சிய செலையாட்டம் நிறுத்தி வெச்சிருக்க!”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கத்தினான். “தோப்பும்படில மாமாவ போன்ல விளிச்சேன். அவங்க படகும் தண்ணி ஏறுனாத்தான் வருமாம்!”

தண்ணீர் ஏறினால்தான் படகு வரும். தண்ணீர் ஏறினால் பாக்கியலக்ஷ்மி மூழ்குவார். அழகர் அவர் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டுத் தாங்கிக்கொண்டு தண்ணீரையே பார்த்தான். மலையில் வெள்ளம் வந்தால் முதலில் சத்தம் வரும், ஓட நேரம் இருக்கும். இங்கே சத்தமே இல்லை. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாமல் அவர் சட்டையின் கடைசிப் பொத்தான் நனைந்தது. பிறகு அதற்கு மேலே உள்ளது.

“அழகர், உன் பல்லு தந்தியடிக்குது.”

“குளிரு மேடம்.”

“கொச்சியிலயா?”

கபீர் துடுப்பைக் குத்திக் குத்திப் படகைக் கொண்டுவந்து சேர்த்தபோது தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டியிருந்தது. வந்ததும் கயிற்றை எடுத்தான். “அக்குளுக்கடியில கெட்டு. எஞ்சின் போட்டு ஒரே இழு.”

“இடுப்பு கழண்டுரும்டா!”

“இடுப்பு கழண்டா ஆஸ்பத்திரி உண்டு. மூச்சு போனா?”

அழகர் கயிற்றை வாங்கிக் கட்டினான். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கபீர் எஞ்சினில் கை வைத்தான்.

“இருங்க” என்றார் பாக்கியலக்ஷ்மி. உதடு வெளுத்திருந்தது. “பயத்துல கால் வெரல அசைச்சேன். முட்டிக்குக் கீழ ஜில்லுனு ஏதோ இறங்குச்சு.”

“என்ன இறங்குச்சு?”

“தண்ணி.”

அழகர் அவரைப் பார்த்தான். பிறகு கபீரைப் பார்த்து, “எஞ்சின் வேண்டாம்” என்றான்.

“உனக்குப் பிராந்தா?”

“காலுக்கும் சேத்துக்கும் நடுவுல தண்ணி போகுது. அடிப் பாதம் வரைக்கும் போயிட்டா சேறு விட்டுரும். பலகையக் குடு.”

தப்பாக இருந்தால் இழுக்கவும் நேரம் இருக்காது என்பது மூவருக்கும் தெரியும். கபீர் முனகிக்கொண்டே படகின் அடிப்பலகையைத் தண்ணீரில் தள்ளினான். பாக்கியலக்ஷ்மி அதன்மேல் மல்லாந்து சாய்ந்தார். உடம்பின் கனத்தை இப்போது தண்ணீர் சுமந்தது. “இழுக்காம, முன்னயும் பின்னயும் கொஞ்சமா ஆட்டிக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு, அவர் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அழகர் முங்கினான்.

கலங்கலில் ஒன்றும் தெரியவில்லை. தொடையைத் தடவிக் கீழே போய், காலோரமாக விரல்களை நுழைத்தான். தயிர்போல இருந்த இடம் விலகியது, அதற்குக் கீழே களி. மூச்சு வாங்க மேலே வந்தபோது தண்ணீர் அவர் காதைத் தொட்டிருந்தது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே காலை ஆட்டினார். திரும்ப முங்கினான். மூன்றாவதோ நான்காவதோ முறை, விரல் குதிகாலுக்கு அடியில் போனது. குளிர்ந்த நீர் கையோடு உள்ளே வழிந்தது. சேறு ஒரு பெரிய குமிழியை விட்டது.

மேலே கபீர் கத்தினான். “வந்நு! வந்நுடா!”

படகின் பக்கப் பலகையில் வயிறு அழுந்த அவரை உள்ளே ஏற்றினார்கள். செருப்பு சேற்றோடு போய்விட்டது. அவர் தன் பாதத்தை மடிமேல் தூக்கி வைத்து, ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தார். எல்லாம் அசைந்தன. அப்போதுதான் அழுதார்.

கபீர் படகைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போனதும் பாக்கியலக்ஷ்மி, “அழகர், கைய விடு. வலிக்குது” என்றார்.

அழகர் குனிந்து பார்த்தான். அவர் மணிக்கட்டைச் சுற்றித் தன் விரல்கள் இறுகியிருந்தன. விட நினைத்தான். விரல்கள் கேட்கவில்லை. கபீர் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான்.