பானெட்டுக்குள் ஒன்றுமில்லை

பழைய எஞ்சினைக் கழற்றிக் கீழே இறக்கிய மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு லிப்ட்காரரின் மனைவி அந்தக் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று பேருந்துகள் ஓடவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தை ஆறு மணிக்குத் திறக்க வேண்டிய பொறுப்பு அவளுடையது. போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வர அரை மணி, வழியில் சலவை சோப்பு வாங்கியதால். லிப்ட்காரர் பல் துலக்கியபடி ஷெட்டுக்கு வந்தபோது எஞ்சின் மட்டும் பலகை மேல் எண்ணெய் சொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, காரைக் காணோம். எஞ்சின் இல்லாத காரை நாலு பேர் சேர்ந்துதான் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும், நாலு பேருக்கும் சேர்த்து மூளை கிடையாது என்று முடிவு கட்டி, தெருத் தெருவாக நடந்து தேடினார். மாலையில் கார் தானாக வந்து ஷெட்டுக்குள் நின்றது. மனைவி சோப்போடு இறங்கினாள்.

"எஞ்சின் இல்லாம எப்படிப் போன?"

"சாவியத் திருப்பினேன், கியரப் போட்டேன், போச்சு. வேற எப்படிப் போவாங்க?"

அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு விளக்கினார். எஞ்சின் சுற்றினால் கிளட்ச் சுற்றும், கிளட்ச் சுற்றினால் கியர்பெட்டி, அங்கிருந்து நீண்ட தண்டு வழியாகப் பின் சக்கரம். முதலில் இருக்க வேண்டியதே இல்லை என்றால் கடைசியில் இருப்பது எப்படிச் சுற்றும்? துணி மடித்துக்கொண்டே அவள் முழுவதும் கேட்டாள். நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் காலையில் எனக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

அந்தக் கார் அவரைவிட இரண்டு வயது மூத்தது. தாழ்வான, இரண்டே சீட் உள்ள, நாலு தெருவுக்குக் கேட்கும்படி உறுமுகிற பந்தய ஜாதி. கல்யாணமான இரண்டாம் வருடம் வாங்கினார். நாலு வருடம் ஓடியது. பிறகு எஞ்சின் வெடிப்பு விட்டது. அதே எஞ்சின் இனி உலகத்தில் எங்கும் கிடையாது என்பதால் வேறு வண்டியின் எஞ்சினைப் பொருத்துவது என்று தீர்மானித்து, தேவைப்படும் பாகங்களைப் பட்டியல் போடத் தொடங்கினார். ஆறு வருடம் பட்டியலே போட்டார். உயரமான கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பவர், ஒரு திருகைக்கூட இரண்டு முறை யோசிக்காமல் திருகாதவர். புது எஞ்சினைச் சற்று உயர்த்தினால் பானெட் மூடாது. தாழ்த்தினால் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டி ஸ்டீயரிங் தண்டில் இடிக்கும். பின்னால் தள்ளினால் கியர் கம்பி ஓட்டுபவரின் முழங்கைக்குப் பின்னால் போய்விடும். எண்ணெய்த் தொட்டியை வெட்டி ஒட்டலாம் என்றால் எண்ணெய்க் குழாயை மாற்ற வேண்டும், குழாயை மாற்றினால் சைலன்சர் குழாய்க்கு இடமில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. இங்கே ஒவ்வொரு பூதமும் தனக்கு ஒரு கிணறு கேட்டது. ஆறு வருடமும் சாப்பாட்டு மேசையில் இதுதான் பேச்சு. மனைவி முதல் வருடம் கேள்வி கேட்டாள், இரண்டாம் வருடம் தலையாட்டினாள், அதற்கப்புறம் ரசத்தை ஊற்றினாள்.

இப்போது அந்தக் கார் எஞ்சினே இல்லாமல் ஓடியது, அதுவும் அவளுக்கு மட்டும். அவர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். பக்கத்துத் தெரு வெல்டரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். பத்தடி உருண்டு நின்றது. தலைக்குக் குளித்துவிட்டு வந்த மனைவி ஈரத் துண்டோடு ஏறி, தெரு முனை வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்தினாள். வெல்டர் கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்துவிட்டு, முன் இடது டயரில் காற்று குறைவு என்று சொன்னார். தெருவும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. சத்தமே இல்லாமல் வருவதால் திருப்பத்தில் நடப்பவர்கள் பயப்படுகிறார்கள், கொஞ்சம் ஹாரன் அடித்தால் நல்லது என்பதைத் தவிர யாரிடமும் புகார் இல்லை.

புகார் எல்லாம் லிப்ட்காரரிடம்தான் இருந்தது. பட்டியலை முடிக்க அளவு எடுக்க வேண்டும், அளவு எடுக்க வண்டி வேண்டும், வண்டி காலை ஐந்தே முக்காலுக்குப் போனால் மாலைதான் வரும். ஞாயிற்றுக்கிழமை அவள் அதில் தங்கை வீட்டுக்குப் போனாள், சந்தைக்குப் போனாள், ஒரு முறை சும்மாவே போய்விட்டு வந்தாள். அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் டிபன் கேரியரும் குடையும் இருக்கும். இடம் தாராளமாக இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடாத லிப்டை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணமில்லாமல் ஓடுவதை எங்கே போய்ப் பழுது பார்ப்பது?

அடுத்த வருடம் பரிசோதனைக் கூடம் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த ஊரில் கிளை திறந்து அவளைப் பொறுப்பாளராகப் போட்டது. கார் இருந்ததால் அவள் ஒத்துக்கொண்டாள். அதே மாதம் லிப்ட்காரருக்கும் யோகம் அடித்தது: பின்பக்கம் நசுங்கிய ஒரு குடும்பக் காரிலிருந்து, ஒரு கீறல்கூட இல்லாத எஞ்சின் கிடைத்தது. எஞ்சினையும் பழைய கியர்பெட்டியையும் இணைக்கும் தகட்டை வெல்டர் வெட்டிக் கொடுத்தார். பட்டியலில் இருந்த கடைசி வரியும் அடிக்கப்பட்டது.

"ஓடுற வண்டிய எதுக்குத் தொடறீங்க?" என்று கேட்டாள்.

"அது ஓடக் கூடாத வண்டி" என்றார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. அவள் பேருந்தில் போய் வந்தாள். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கத் தெருவே வந்து நின்றது. வெல்டருக்குக் கண் கலங்கியது. லிப்ட்காரர் கியரைப் போட்டு கிளட்சை விட்டார். கார் நகரவில்லை. ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் காற்றாடியாகச் சுற்றியது. தரையில் இறக்கினால் நின்றது. எஞ்சின் திணறவில்லை, அணையவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது, கார் இருந்த இடத்திலேயே இருந்தது. மனைவியை உட்காரச் சொன்னார். அவளுக்கும் நகரவில்லை. அவள் இறங்கிப் போய்க் கைகழுவினாள். அவர் கிளட்சை மாற்றினார், கியர்பெட்டியைப் பிரித்துச் சேர்த்தார், அச்சை வெளியே இழுத்துப் பார்த்தார். எல்லாம் மணி மணியாக இருந்தது. ஐந்து வாரம் ஆயிற்று. அவள் நாலு மணிக்கு எழுந்து இரண்டு பேருந்து மாறிப் போனாள். ஆறாவது வாரம் திங்கட்கிழமை, ஒரு பெட்டியில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, கிளைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். சண்டை எதுவும் இல்லை. செருப்பை மாட்டும்போதுதான், "பால் இனிமே ஒரு பாக்கெட் போதும்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

லிப்ட்காரர் அந்த ஒரு பாக்கெட்டையும் இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டார். சமைத்தார், தீய்த்தார், சாப்பிட்டார். சனிக்கிழமைகளில் அவள் வருவாள் என்று வாசலைக் கூட்டி வைத்தார். இரண்டு சனிக்கிழமை வந்தாள், மூன்றாவதில் கிளையில் வேலை என்று சொல்லிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் எதிரே ஆளில்லாமல் எண்ணெய்த் தொட்டியைப் பற்றிப் பேச முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் கோபமாக வந்தது: கார் மேல், எஞ்சின் மேல், பேருந்து நேர அட்டவணை மேல். வெல்டர் வந்து பானெட்டுக்குள் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. வண்டியும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் நல்லா இல்ல."

அன்றைக்கு அவருக்கு வெல்டர் மேலும் கோபம் வந்தது. ஆனால் மறுநாளே லிப்ட் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, ஏழு வருடமும் மூன்று வாரமும் ஆன வேலையை இரண்டே பகலில் பிரித்துப் போட்டார். எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி வெளியே இறக்கினார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவருக்கு அது நகராது என்பது தெரிந்ததுதான். மனைவிக்கு போன் செய்தார்.

"எஞ்சின எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் பரிசோதனைக் குழாய்கள் உரசும் சத்தம் வந்தது.

"எனக்காகவா, வண்டிக்காகவா?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. "தெரியல" என்றார். "நீயும் போயிட்ட, அதுவும் நின்னுடுச்சு. எனக்கு வேற எதக் கழட்டுறதுன்னு தெரியல."

சனிக்கிழமை பெட்டியோடு பேருந்தில் வந்து இறங்கினாள். பானெட்டைத் திறந்து பார்த்தாள், பெட்டியை அதற்குள் வைத்து மூடினாள். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து சீட்டைக் காட்டி ஏறச் சொன்னாள். காரை வாங்கிய நாளிலிருந்து அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கால் நீட்டக்கூட இடமில்லையே, இதிலா இவள் நாலு வருடம் வந்தாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் கியரைப் போட்டாள். கார் போனது. காது கொடுத்துக் கேட்டார். டயர் சத்தம், காற்று, அவள் வளையல். எந்த வேகத்தில் எந்தக் கணக்கில் கியர் மாற்றுகிறாய் என்று பொறுக்க மாட்டாமல் கேட்டதற்கு, தோன்றும்போது மாற்றுவேன் என்றாள். ஊர் தாண்டியதும் கிளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்: ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒரு பக்கம் கனத்து மேசையிலேயே நகர்வது, ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் போலீஸ்காரர், இரண்டு மாதமாகக் குணமாகாத தன் தோள் வலி. தோள் வலி அவருக்குப் புதுச் செய்தி. உரக்கப் பேச வேண்டியிருக்கவில்லை. நாற்பது நிமிடம் அவர் வாயைத் திறக்கவில்லை, இயந்திரத்துக்கு எதிர்ப் பக்கம் எடை வைக்கச் சொன்னதைத் தவிர.

அதிலிருந்து அவள் வீட்டிலிருந்தே போய் வந்தாள். பால் மறுபடி இரண்டு பாக்கெட் ஆனது. எஞ்சினை வெல்டர் தன் பட்டறை ஜெனரேட்டருக்கு மாட்டிக்கொண்டார், பிரமாதமாக ஓடுகிறது. இரண்டு வருடம் கழித்துக் காருக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாள் வந்தபோது லிப்ட்காரர் தானும் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். அரசாங்கமாவது தன் கட்சி பேசும் என்று ஒரு நம்பிக்கை. அதிகாரி விளக்குகளைப் பார்த்தார், ஹாரன் அடித்தார், அவளை ஓட்டச் சொல்லி பிரேக்கைச் சோதித்தார். பானெட்டைத் திறந்து டிபன் கேரியரை ஒரு பக்கம் நகர்த்தி, கார் எண்ணைப் படித்துவிட்டு மூடினார்.

"சார், அதுல எஞ்சின் இல்ல" என்றார் லிப்ட்காரர்.

"பார்த்தேன்."

"எஞ்சின் இல்லாம ஓடுது சார்."

"பிரேக் பிடிக்குதில்ல? எஞ்சின் இல்லாத வண்டியால இதுவரைக்கும் யாரும் செத்தது இல்ல. பிரேக் இல்லாத வண்டியாலதான் மாசம் நாலு பேர் போறாங்க."

புகை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலது பக்க வைப்பர் ரப்பர் கிழிந்திருக்கிறது, பதினைந்து நாளைக்குள் மாற்றிவிடுங்கள் என்றார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் மனைவி ஒரு உதிரிபாகக் கடை முன்னால் ஓரம் கட்டினாள். லிப்ட்காரர் இறங்கிப் போய் ஒரு வைப்பர் வாங்கி வந்து, தூறலில் நனைந்தபடி மாட்டினார். முதல் தடவையிலேயே பொருந்தியது.