செங்கல் தூள்

கடைக்குப் பெயர்ப் பலகை மாட்டுவதில் பாதி வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. சதுரக் குழாயில் சட்டம் அடிப்பது, அதன் மேல் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டுவது, உள்ளே விளக்கு வைப்பது எல்லாம் தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கும் புரியும். ஆனால் பலகையைத் தாங்குவது சுவருக்குள் போகிற போல்ட்தான். துளைக்குள் போல்ட்டை விட்டு நட்டை முறுக்கினால் அதன் வால் உள்ளே விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். அது கவ்வுவதற்குக் கெட்டியான சுவர் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை, டிரில் போடும்போது கீழே கொட்டுகிற தூள் சொல்லிவிடும். வெள்ளையாகக் கொட்டினால் வெறும் பூச்சு, இன்னும் உள்ளே போக வேண்டும். சாம்பல் நிறமென்றால் கான்கிரீட், கவலையே இல்லை. சிவப்பாக வந்தால் செங்கல், இரண்டு அங்குலம் போனால் போதும். பதினெட்டு வருஷமாக நான் தூளைப் பார்த்துத்தான் போல்ட் போட்டேன்.

எங்கள் கடைத்தெருவில் நாலாம் நம்பர் கடைக்கு ஒரு ராசி. எந்த வியாபாரமும் அங்கே இரண்டு வருஷம் தாண்டாது. முதலில் போட்டோ ஸ்டுடியோ இருந்தது. பிறகு ஜெராக்ஸ் கடை, மொபைல் கடை, பேக்கரி, பொம்மைக் கடை என்று மாறிக்கொண்டே வந்தது. கட்டடத்து ஓனருக்குச் சுவரில் புதிதாக ஒரு துளை விழுந்தாலும் பொறுக்காது. அதனால் புதிதாக வருகிறவர்கள் பழைய சட்டத்தைக் கழற்றாமல், அதன் முகத்திலேயே தங்கள் சட்டத்தை வெல்டிங் வைத்துக்கொள்வார்கள். சுவரும் தப்பிக்கும், கழற்றுகிற கூலியும் மிச்சம். பல தெருக்களில் நடப்பதுதான். அப்படி ஐந்து பலகைகள் ஒன்றின் முதுகில் ஒன்றாக ஏறி, நடைபாதைக்கு மேல் இரண்டடி துருத்திக்கொண்டு நின்றன. பக்கவாட்டில் இடைவெளி தெரியாமல் தகரம் அடித்திருந்தார்கள். மொத்தப் பாரமும் போட்டோ ஸ்டுடியோக்காரர் போட்ட நாலு போல்ட்டில் தொங்கியது.

அந்த இரண்டடி நிழலில்தான் என் அக்கா தையல் மெஷின் போட்டிருந்தாள். பேன்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, பை தைப்பது. பேக்கரிக்காரன் பலகை வந்தபோதுதான் மத்தியான வெயில் அவள் மடியை விட்டு விலகியது. பொம்மைக் கடை வந்தபோது மழைச் சாரலும் நின்றது.

"இன்னும் ரெண்டு பேரு கடையை மூடிட்டுப் போனாங்கன்னா எனக்கு ஒரு ரூமே வந்துடும்டா" என்பாள்.

"வாய வெச்சுட்டல்ல, அடுத்தவனும் சீக்கிரமே போயிடுவான்" என்று நானும் சிரிப்பேன்.

பொம்மைக் கடையும் போனது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு, பலகை என் பொறுப்பு. ஆறாவது பலகை. வியாழக்கிழமை காலையில் ஏணி மேல் ஏறித் தட்டிப் பார்த்ததும் எனக்கே மனசு ஒப்பவில்லை. ஓனருக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதிதாக மாட்டலாம் என்றேன்.

"தம்பி, அத்தனையும் எறக்குனா சுவரு சல்லடை மாதிரி நிக்கும். அதை யாரு பூசறது? இருக்கறது மேலயே வைங்க."

கீழிருந்து அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எறக்குறேன்னு எதுக்குடா கெளப்புற? எறக்குனா இந்தக் கண்ணாடிக்காரர் என்னை இங்க உக்கார விடுவாரா?"

அவள் கேட்டது நியாயம்தான். நான் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். ஓனருக்குச் சொல்லாமல், மூன்றடி நீள டிரில் ஊசியை எடுத்து, சட்டங்களுக்கு நடுவே விட்டு, சுவர் வரைக்கும் துளைத்து நாலு புது போல்ட் போட்டுவிட்டால் ஆறு பலகையையும் அவை தாங்கிக்கொள்ளும். என்னோடு வேலைக்கு வரும் மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டான். டிரில் மெதுவாகப் போய், கெட்டியாக எதிலோ முட்டி, கரகரவென்று இறங்கியது. சிவப்பாகத் தூள் கொட்டியது.

"செங்கல் வந்துடுச்சு" என்றேன்.

"எல்லாம் என் துணி மேலதான் வருது" என்றாள் அக்கா.

நட்டை முறுக்கினேன். நாலும் இறுகின. புதுப் பலகையையும் முன் முகத்தில் வெல்டிங் வைத்தேன். கீழ் ஓரத்துக்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிட்டு இறங்கினேன். எல்லாம் கண்ணுக்கு லட்சணமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். அவளிடம் நூல் கட்டிய ஒரு காந்தம் உண்டு. கீழே விழுந்த ஊசிகளை அதை இழுத்துத்தான் பொறுக்குவாள்.

"ஏன்டா, உன் செங்கல் தூள் காந்தத்துல ஒட்டுது. மீசை முளைச்ச மாதிரி நிக்குது. பாக்க உன்ன மாதிரியே இருக்கு."

நான் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. செங்கல் காந்தத்தில் ஒட்டாது. சட்டத்துக்குக் குழாய் அறுத்ததெல்லாம் பட்டறையில்தான், அங்கே ஒன்றையும் அறுக்கவில்லை. அப்படியானால் கொட்டியது இரும்பு. போட்டோ ஸ்டுடியோவின் முதல் பலகை பழைய காலத்து இரும்புப் பெட்டி. அது துருவேறி இற்றுப்போய், செங்கல் நிறத்தில் உதிர்ந்திருக்கிறது. என் போல்ட்டுகள் அதன் பின்பட்டையைத்தான் கவ்வியிருக்கின்றன. அதனால்தான் இறுகின. பெட்டி சுவரோடு ஒட்டியிருந்தால் ஊசி அதைத் தாண்டியதும் சுவரில் முட்டியிருக்க வேண்டுமே. முட்டவில்லை என்றால், மொத்த அடுக்கும் சுவரை விட்டு ஏற்கெனவே விலகி நிற்கிறது.

உடனே போனேன். ஏணி போட்டு, மேல் தகரத்தின் ஓரத்தை நெம்பிப் பார்த்தேன். சுவருக்கும் பலகைக்கும் நடுவே என் மூன்று விரல் நுழைந்தது.

கீழே கண்ணாடிக் கடைக்காரர் கைகட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல சார், சும்மா செக் பண்ணேன்."

"தப்பா எதுவும் இருக்காது சார், என் தம்பி மாட்டுனது" என்றாள் அக்கா மெஷினை மிதித்துக்கொண்டே.

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறப்புக்கு ஊரெல்லாம் அழைப்பு போயிருந்தது. பழைய போல்ட் இத்தனை வருஷம் தாங்கியது, இன்னும் மூன்று நாள் தாங்காதா, திங்கட்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லி இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதுவரை அக்காவை மட்டும் அங்கிருந்து நகர்த்த வேண்டும். அதற்கு ஒரு பொய் கைவசம் இருந்தது.

"அக்கா, மேல பெயிண்ட் இன்னும் காயல. துணி மேல சொட்டிடப் போகுது. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காரு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே மெஷினைப் பக்கத்துக் கடை ஓரத்துக்கு இழுத்துப் போட்டாள். அங்கே நிழல் இல்லை. தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். நான் நிம்மதியாகப் பட்டறைக்குத் திரும்பினேன்.

ஆனால் பெயிண்ட் காய்கிற பொருள். சாதாரண எனாமல் ஆறு மணி நேரத்தில் கையில் ஒட்டாது, ஒரு நாளில் நன்றாக இறுகிவிடும். துணியில் பெயிண்ட் பட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்த எந்தத் தையல்காரிக்கும் அந்தக் கணக்கு தெரியும். சனிக்கிழமை மத்தியானம் வெயில் ஏறியதும், அக்கா முக்காலியில் ஏறிக் கையை நீட்டிக் கீழ் ஓரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை. மெஷினைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு, வேலையைத் தொடங்கியிருக்கிறாள்.

இரண்டரை மணிக்கு இடது மூலை முதலில் இறங்கியதாம். காற்றுகூட இல்லை. அப்புறம் ஆறும் சேர்ந்து வந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நடைபாதையில் பலகைகள் விரிந்து கிடந்தன. மேலே கண்ணாடிக் கடை, அதற்குக் கீழே பொம்மைக் கடை, பேக்கரி என்று எல்லாம் வரிசை குலையாமல். கடைசியில் கிடந்த இரும்புப் பெட்டியை என் புது போல்ட் நாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. மெஷின் இரண்டாக உடைந்திருந்தது. நூல் கட்டிய காந்தம் மட்டும் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் வலது கையை முழங்கைக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள்தான் தெளிவாகப் பேசினாள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"என் மேலதான்டா தப்பு. நீ சொல்லிட்டுத்தான் போன. காஞ்சிருச்சான்னு நல்லா தொட்டுப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பழைய போல்ட் பழுது என்று ஓனர் எழுதிக் கொடுத்திருந்தார். விசாரிக்க வந்தவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. பலகை மாட்டுகிறவன் மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பையிலிருந்து காந்தத்தை எடுத்து அவள் இடது கையில் வைத்தேன். அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அதில் சிவப்பு மீசை இன்னும் அப்படியே நின்றது. வழக்கம்போலக் கட்டைவிரலால் அதை வழித்துவிடப் பார்த்தாள்.

"அது செங்கல் இல்லக்கா" என்றேன். "நீ போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும். பெயிண்ட் வியாழக்கிழமையே காஞ்சிருச்சு."

அவள் கட்டைவிரல் நின்றது. அந்தத் தூளைப் பார்த்தாள். பிறகு காந்தத்தை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.