பிரிஜெட் மேடத்தின் ரிஃப்ரெஷர் கோர்ஸ்

1

“எல்லாரும்தான் காப்பி அடிக்கிறாங்க! நீ மட்டும் என்ன பெரிய இவளா?”

“காப்பி அடிச்ச புள்ளைங்களுக்கு ஸீரோ போட்டவ நான்! இப்ப நானே அடிக்கவா?”

கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான், ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையில். லிங்கராஜபுரத்தில் பிரிஜெட் வீட்டு ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே. (ஒட்டுக்கேட்கவில்லை. மிக்ஸியை நிறுத்தினேன், அவ்வளவுதான்.)

2

முதல் வரியாக இதை எழுதிப் பார்த்தேன்: ‘உயர்கல்வியின் மாறிவரும் சூழலில், தகவல் அறிவியல் துறையானது…’

வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

பிரிஜெட் தகவல் அறிவியலில் இணைப் பேராசிரியர். பேராசிரியர் ஆக வேண்டுமானால் ஆசிரியர்களுக்கான இந்த ஆன்லைன் ரிஃப்ரெஷர் கோர்ஸை முடித்தாக வேண்டும். நடத்துவதோ அவளிடமே படித்த பிரிஸில்லா.* கடைசி அசைன்மென்ட்: உங்கள் கல்லூரி நூலகத்தில் பிள்ளைகள் எதைத் தேடுகிறார்கள் என்று புரோகிராம் எழுதிக் காட்டுங்கள். பிரிஜெட்டின் புரோகிராம் பாதியில் நின்றுவிட்டது. அதற்குள் கோர்ஸில் கூடப் படிக்கும் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ முழு விடையையும் போட்டுவிட்டார்கள்.

* இவளைத் திமிர் பிடித்தவளாக எழுதினால் கதை சூடாகும். ஆனால் அந்தப் பெண் ‘மேம், மேம்’ என்று உருகுகிறது. என்ன செய்ய?

3

“அனுப்பிடு பிரிஜெட். நம்ம பொண்ணு சோஃபியா கல்யாணப் பத்திரிகைல ‘பேராசிரியர்’னு போடலாம்ல?” இது கணவர் ஃபிராங்க்ளின்.

“பத்திரிகைக்குப் பட்டம் வேணும்னா நீங்க போய்ப் படிங்க!”

நின்றுபோன தன் புரோகிராமையே அனுப்பினாள்.

குழுவில் வந்த விடையோ ஏதோ ஒரு பெண்கள் கல்லூரியுடையது. அவசரத்தில் ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. ஆண்கள் கல்லூரி ஆசிரியர்கள்கூட ‘எங்கள் விடுதிப் பெண்கள்’ என்றே அனுப்பி மாட்டிக்கொண்டார்கள். பாடம் நடத்துகிற கூட்டம்!

4

முடிவு ஒன்று: பிரிஜெட்டுக்கு மட்டும் பாஸ் போட்டு, பிரிஸில்லா கண்கலங்க… (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பிரிஜெட் அழுதுகொண்டே… (அழுகிற ஆளா அவள்?)

நடந்தது இது. கேட் அருகில் அவளை மடக்கினேன். “என்ன மேடம், பாஸா?”

“ஃபெயில்தான் அக்கா. எல்லாருமே ஃபெயில்.” தலையை நிமிர்த்தினாள். “ஆனா என்னோடது நானே பண்ண ஃபெயில்.”

அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் தெருக்காரி இல்லையா!

5

சோஃபியா கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். பத்திரிகையில் ‘இணைப் பேராசிரியர்’ என்றுதான் இருந்தது. கொட்டை எழுத்தில் போடச் சொன்னது ஃபிராங்க்ளினாம்.

பிரிஜெட் அடுத்த பேட்ச்சில் சேர்ந்தாள். இந்தமுறை புரோகிராம் ஓடியதா என்று நான் தெரிந்துகொள்வதற்குள் ஹென்னூருக்கு வீடு மாறிவிட்டார்கள். அங்கே அவர்கள் ஜன்னலுக்கு எதிரே நீங்கள் இருந்தால், தயவுசெய்து மிக்ஸியை நிறுத்துங்கள்.