பொட்டு மறைந்த கடல்

மாதேஸ்வரனும் அவன் மனைவி ஜோதியும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள். அந்தச் சனிக்கிழமை விடிந்த நேரம், பள்ளிபாளையத்தில் நூல் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தபோது மகள் தேவிப்ரியா போனில் கூப்பிட்டாள். தீவு நகரமான ஹொனலுலுவில் கடல் பற்றிய படிப்பை முடித்துவிட்டாள். இனி நியூசிலாந்து நாட்டில், ஆக்லாந்து நகரத்தில் வேலை.

"ப்ளைட் ஏறப் போறம்மா. ஏழாயிரம் கிலோமீட்டர், ஒம்போது மணி நேரம். நடுவுல எங்கயும் நிக்காது."

"சனிக்கிழமையும் அதுவுமாவா கெளம்புவ சாமி?"

தேவிப்ரியா சிரித்தாள். "இங்க இன்னும் வெள்ளிக்கிழமை மத்தியானம்தாம்மா."

மூட்டைகள் ஏறி முடிந்து வெயில் ஏறிய பிறகுதான் ஜோதி வண்டியை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்த மாதேஸ்வரன், விமானம் போகும் தடத்தைச் செல்போனில் திறந்து வைத்துக்கொண்டான். திரை முழுக்க நீலம், அதில் ஒரு மஞ்சள் பொட்டு. சங்ககிரி வந்தும் அந்தப் பொட்டைச் சுற்றி வேறெதுவும் தென்படவில்லை.

"குவாஹாத்திக்கு அஞ்சு நாள் ஓட்டுனமே புள்ள, அதுல ரெண்டு பங்குக்கு மேல தூரம். வழியில ஒரு டீக்கடை கெடையாது."

எடப்பாடியை நெருங்கும்போது அவன் செல்போனை அவள் பக்கம் நீட்டினான். பொட்டைக் காணவில்லை.

ஜோதி புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கினாள். "ஏனுங்க, நல்லாப் பாருங்க."

"நடுக்கடல்ல சிக்னல் எப்புடி வரும்? திம்பம் மலையில நம்ம போன் எடுக்குதா? அப்ப நாம என்ன உழுந்தா போயிட்டோம்?" என்றான். ஆனால் விரல் திரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

ஜோதி தன் கண்ணால் பார்த்த பெரிய தண்ணீர் குவாஹாத்தி போன வழியில் கடந்த ஆறுகள்தான்; அவற்றுக்கும் அக்கரை இருந்தது. கரையே இல்லாத ஒன்றின் மேல், தான் பெற்றவள் உட்கார்ந்தபடி பறந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். நினைக்க நினைக்கப் பயத்தைவிட வியப்பே பெரிதாக எழுந்தது. வண்டியைக் கிளப்பினாள்.

ஜலகண்டாபுரத்தில் மூட்டைகள் பாதி இறங்கியிருந்தபோது போன் அடித்தது. உச்சி வெயில் அப்போதுதான் தணியத் தொடங்கியிருந்தது.

"எறங்கிட்டம்மா. இங்க ராத்திரி பத்து மணிக்கு மேல ஆச்சு. சனிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை மத்தியானம்னு சொன்ன?"

"ஆமாம்மா. பொழுது ஒருக்காதான் உழுந்துச்சு. அது உழுந்த ராத்திரியிலயே எறங்கிட்டேன். நடுக்கடல்ல தேதிக் கோடு ஒண்ணு இருக்குது. அதத் தாண்டுனா நாளு மாறிரும். எனக்கு சனிக்கிழமை பகலே வரல."

மாதேஸ்வரன் போனை வாங்கினான். "காலையில எங்களுக்குப் பின்னால நேத்துல கெடந்த. இப்ப எங்களத் தாண்டி ராத்திரிக்கே போயிட்டியா கண்ணு? நாங்க இன்னும் ஜலகண்டாபுரத்துலயே நிக்கறோம்."

ஜோதி வெளியே பார்த்தாள். மகளுக்கு வராத அந்தப் பகல் தறிச்சத்தத்தோடு தெருவெங்கும் வெயிலாய்க் கிடந்தது. இவ்வளவு பெரிய உலகத்தை ஒருத்தி ஒரே மூச்சில் கடந்துவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.

போனைத் திரும்ப வாங்கி, "மொதல்ல எதாச்சும் சாப்புடு சாமி," என்றாள்.