காட்டுப்பூனைக்கு வழிவிட்ட கதவு

மல்சூனுக்குக் கோபம் வந்தால் வீட்டுக் கிம்ச்சி ஊறுகாய் ஒரு நாள் முன்னதாகவே புளித்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அன்று காலை அது புளிக்கக்கூட வழியில்லை. ஜாடி மூடியைத் திறந்தால், முள்ளங்கிகளெல்லாம் உப்புத் தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவற்றை அமுக்கி வைத்திருந்த கல்லைக் காணோம்.

கல் எங்கே போயிருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. நேரே கோழிக்கூட்டுக்குப் போனாள். புருஷன் தொக்பே குந்தி உட்கார்ந்து, கூட்டின் தகரக் கதவுக்கு மேலே அந்தக் கல்லை வைத்துக் கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"யுன்ஜி அப்பா, அது என் கல்லு."

"தெரியும். நல்ல கனம். காட்டுப்பூனை கீழேருந்து நெம்புனாலும் இனிமே கதவு அசையாது பாரு."

"முள்ளங்கி மிதக்குது."

"மிதக்கட்டுமே. எங்க போயிரப் போகுது?"

"அதுவும் எங்கயும் போகாது, நானும் எங்கயும் போக மாட்டேன். அதத்தான சொல்ல வர்றீங்க?"

தொக்பே கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

அவர் பூசான் நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்த்தவர். பெண் யுன்ஜி பிறந்த அன்று எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு வக்கீலை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மல்சூனுடைய அக்காவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு இருவரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு போன் வந்தது, இறங்கிவிட்டார். அவள் தனியாகப் போய், "மாப்ள வரலையா?" என்ற கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொன்னாள். ஓய்வு பெற்று ஜிரிசான் மலையடிவாரத்துக்கு வந்தபின் இனி போன் வராது என்று நிம்மதியாக இருந்தவளுக்கு, அவர் கோழி வாங்கிவந்தார். கோழிக்கு லிஃப்டே தேவலை. பொழுது சாய்ந்ததும் யாராவது நின்று கூட்டை மூட வேண்டும். மறந்தால் மலையிலிருந்து காட்டுப்பூனை இறங்கும்.

இப்போது அதே அக்காவுக்கு எழுபது. சனிக்கிழமை யோசு துறைமுகத்தில் விருந்து. "கதவ நான் தானா மூடுற மாதிரி பண்ணிடறேன், ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்" என்று தொக்பே வாக்குக் கொடுத்திருந்தார். மல்சூன் அதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

கதவுக்கு அவர் மாட்டிய மோட்டார், இடித்துத் தள்ளிய ஒரு கல்யாண மண்டபத்தில் மேல்மாடிக்குச் சாப்பாடு ஏற்றிய லிஃப்டினுடையது. நூறு பேருக்கான மாட்டெலும்பு சூப்பைத் தூக்கிப் பழகிய மோட்டாருக்கு ஒரு தகரத் துண்டு எம்மாத்திரம்? முதல் சோதனையில் கதவு மேலே போனது, நிற்கவில்லை. வேலியைத் தாண்டி ஊர்த்தலைவர் கில்மானின் சீமைப் பனிச்சை மரத்தில் ஒரு பழத்தைச் சரிபாதியாக வெட்டிவிட்டு இறங்கியது. கில்மான் இரண்டு பாதியையும் தின்றுகொண்டே கதவைத் தூக்கிவந்து கொடுத்தார். கல்லைக் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவு தயார். வெளிச்சம் மங்கினால் மூடும், விடிந்தால் திறக்கும். பழைய லிஃப்ட் ஒன்றின் குரல்பெட்டியையும் பொருத்தியிருந்தார். இளம்பெண் குரல் தேன் ஒழுகச் சொன்னது: "கதவு மூடுகிறது."

கோழிகள் அன்றைக்கே பழகிவிட்டன. வயதான பெட்டைகளுக்கு வழிவிட்டு வரிசையாக ஏறின. உள்ளே போனதும் எல்லாம் வாசல் பக்கம் திரும்பி, ஒன்றையொன்று பார்க்காமல், கதவுக்கு மேலே ஏதோ எண் மாறுவதுபோல அண்ணாந்து நின்றன. சேவல் மட்டும் கடைசி நொடியில் ஓடிவந்து கழுத்தை நீட்டியது. கதவு அதன்மேல் பட்டதும் நின்று, மணியடித்து, மேலே போனது.

"கதவு திறக்கிறது."

"பாத்தியா கில்மான்!" தொக்பேயின் முகம் பூரித்தது. "விளிம்புல சென்சார். குழந்த விரல் பட்டாலும் திறந்துரும். என் வேலைக் காலத்துல ஒரு கதவு ஒரு ஆளக் கடிச்சதில்ல."

"அண்ணே, நம்ம ஊரு ஆஸ்பத்திரில கூட இந்த மாதிரி கிடையாதுண்ணே!"

கில்மான் கைதட்டினார். மல்சூன் தட்டவில்லை. அவள் வேலியோரத்துப் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு ஜோடிக் கண்ணும் கதவைத்தான் கவனித்துக்கொண்டிருந்தது.

கோழிகள் அடைந்தன, கதவு மூடியது, கில்மான் போய்விட்டார். மல்சூன் சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவினாள். காட்டுப்பூனை அவசரமில்லாமல் நடந்து வந்தது. மூடிய கதவின் அடியில் ஒரு நகத்தைக் கொடுத்தது. மணியடித்தது.

"கதவு திறக்கிறது."

பூனை உள்ளே போனது. சத்தம் எழுந்தது. கதவு மறுபடி இறங்கியபோது, மல்சூனின் புள்ளிப் பெட்டையின் இறக்கை குறுக்கே கிடந்தது. கதவு மரியாதையாக நின்று, மேலே போய், பூனையையும் அதன் வாயிலிருந்த பெட்டையையும் வெளியே விட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த தொக்பே ஜன்னலில் முகத்தை ஒட்டி இதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்த உலகத்தில் எந்தப் புருஷனும் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னார்:

"சென்சார் கச்சிதமா வேலை செய்யுது!"

மல்சூன் கழுவிக்கொண்டிருந்த பித்தளைக் கிண்ணம் வளைந்துவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டில் அது முட்டை வடிவத்தில்தான் இருக்கிறது.

"அத பிடுங்கிப் போடுங்க."

"எத?"

"அந்தச் சென்சார. கதவு மூடுனா மூடட்டும். குறுக்க எது வந்தாலும் மூடட்டும்."

"அது மட்டும் முடியாது, யுன்ஜி அம்மா. நான் பண்ணுன கதவு ஒரு உயிரக் கடிக்காது."

"என் பெட்டை உயிரில்லையா?"

"அதக் கதவா கடிச்சுது? பூனை கடிச்சுது."

அவள் வளைந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அவர் விடவில்லை. "ஒண்ணு பண்ணு. இந்தத் தடவ நீ மட்டும் போயிட்டு வந்துரு. நான் இருந்து கூட்ட மூடிக்கிறேன்."

குளிருக்குத் தரைக்கடியில் அடுப்பு மூட்டும் அந்த வீட்டில், அன்றிரவு மல்சூனின் கோபச் சூடே போதுமாயிருந்தது.

மறுநாள் அவள் துணி மடித்துப் பையில் வைத்தாள்; அவருடைய துணியையும் வைத்தாள். பொழுது சாயும் நேரத்தில் இறைச்சி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போனாள். கதவின் விளிம்பில் ஓடிய மெல்லிய ஒயரைப் பன்றி விலாவை வெட்டுவதுபோல இரண்டு இடத்தில் வெட்டினாள். தொக்பே ஓடிவந்தபோது அவள் கையில் ஒரு முழ ஒயர் இருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்ட! இனிமே இது கதவில்ல, அருவாள்!"

"அப்படித்தான் வேணும்."

"அந்த ஒயரக் குடு. இப்பவே ஒட்டிடறேன்."

"அறுபதுக்கு லிஃப்ட்டு, எழுபதுக்குக் கோழி. எண்பதுக்கு என்ன வச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிருங்க, அக்காகிட்ட முன்கூட்டியே சொல்லிடறேன்."

தொக்பேக்கும் ரோஷம் வந்தது. கூட்டு வாசலில் மண்டியிட்டு, கதவுக்குக் கீழே வலது கையை நீட்டி வைத்தார். "இது எப்படிக் கடிக்கும்னு நீ கண்ணால பாரு. பாத்துட்டு அப்புறம் ஒயரக் குடு."

"கைய எடுங்க."

"மாட்டேன்."

"யோவ், இருட்டுது. கைய எடுய்யா!"

"நீ ஒயரக் குடு, எடுக்கறேன்."

அவள் கொடுக்கவில்லை. அவர் எடுக்கவில்லை. உள்ளே கோழிகள் வாசலைப் பார்த்தபடி மௌனமாக நின்றன. சூரியன் யார் பக்கமும் சேராமல் மலைக்குப் பின்னால் இறங்கியது.

"கதவு மூடுகிறது" என்றது குரல்.

கதவு கல்லோடு இறங்கி, நான்கு விரல்களின் மேல் உட்கார்ந்தது. தொக்பே போட்ட அலறலில் கில்மான் மரத்தில் மிச்சமிருந்த பழமெல்லாம் உதிர்ந்தது. மல்சூன் திறக்கும் பொத்தானை அழுத்தினாள். உடனே அல்ல. முதலில் அந்த ஒயரை நான்காக மடித்து மேலங்கிப் பையில் வைத்தாள்.

எலும்பு முறியவில்லை. விரல்கள் மட்டும் ஒவ்வொன்றும் ஒரு கத்தரிக்காயாக வீங்கின. அவள் உருளைக்கிழங்கைத் துருவி வைத்துக் கட்டினாள், கட்டும்போது தேவைக்கு மேலேயே இறுக்கினாள். அவர் இடது கையால் திருப்புளியைப் பிடித்துப் பார்த்தார். அது மூன்று தடவை கீழே விழுந்தது. திருப்புளி பிடிக்க முடியாத மனிதருக்கு வீட்டில் தங்க என்ன சாக்கு இருக்கிறது? காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள்.

யோசுவில் நீளமான மேசை, பச்சை மீன், அக்காவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். "மாப்ளையும் வந்துட்டாரு!" என்று அக்கா எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். மல்சூன் சிரித்தாள்; பல் மட்டும்தான். கடல் கறுக்கும் நேரத்தில் தொக்பேயின் போன் அடித்தது. கில்மான்.

"அண்ணே, வந்துச்சு. இன்னைக்குக் கதவு மூடி முடிக்கறதுக்கு முந்தியே வந்துச்சு. பழக்கதோஷத்துல இறங்கற கதவுல கால விட்டுச்சு, கதவு நிக்கல. அப்புறம் அது சொன்னத நான் போன்ல சொல்ல முடியாதுண்ணே, பக்கத்துல சம்சாரம் நிக்கிறா."

"ஐயோ. கால் முறிஞ்சிருச்சா?"

"உருவிக்கிட்டுப் போயிருச்சு. நொண்டிக்கிட்டே மலையேறுது."

"பாவம்" என்றார் தொக்பே. கண் கலங்கியது. "நாளைக்குக் காலையில மொத வண்டிக்கே கிளம்பினா, நான் போயி..."

மல்சூன் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அணைத்து, தன் கால்சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு ஒரு கீரை இலையை உள்ளங்கையில் விரித்தாள். மீன் துண்டு வைத்தாள், மிளகாய்ப் பசை வைத்தாள், பச்சைப் பூண்டு ஐந்து பல் வைத்தாள். குழந்தை முஷ்டி அளவுக்கு உருட்டி, அவர் வாய்க்குள் கட்டைவிரலால் தள்ளினாள்.

மேசை முழுக்கக் கைதட்டியது. "கட்டிக்கிட்டு நாப்பது வருஷமாகுது, இன்னும் ஊட்டி விடறா பாருங்கடி!" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொக்பேக்கும் கண்ணீர் வழிந்தது, மூக்கும் வழிந்தது. பேச வாய் இல்லை, துடைக்கக் கை இல்லை.

மல்சூன் அடுத்த இலையை எடுத்து விரித்தாள்.