தகரத்தில் முளைத்த பட்டாணி

அமெரிக்காவில் எங்கள் மெய்ன் மாநிலத்துப் பக்கத்தில் ஜூலை நாலாம் தேதி சால்மன் மீனோடு புதுப் பட்டாணி மேசைக்கு வராவிட்டால் அது சுதந்திர தினமே இல்லை. யார் தோட்டத்தில் முதலில் காய்க்கிறதோ, விருந்து அவர் வீட்டில். என் கணவர் வெண்டலுக்கு அந்த யோகம் வாய்த்ததே இல்லை. எங்கள் வீடு பள்ளத்தில். குளிர் வந்து குந்திக்கொண்டால் நகராது. மேட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் ஆரினுக்கோ உறைபனி முன்னாலேயே விலகிவிடும். அதற்கு ஆரின் அடிக்கிற கிண்டல் இருக்கிறதே, கேட்கச் சகிக்காது.

இந்த வருடம் வெண்டல் மார்ச்சிலேயே கூரைத் தண்ணீர் ஓடும் தகர வாய்க்கால் இரண்டைக் கழற்றி, மண் நிரப்பி, பட்டாணி ஊன்றி, என் தையல் மெஷின் பக்கத்து ஜன்னலில் வைத்தார். நிலம் இளகியதும் நாற்றை அப்படியே பாத்தியில் சறுக்கிவிடுவதாகத் திட்டம்.

"இது வீடா, நாத்தங்காலா?" என்றேன்.

"இந்தத் தடவ அண்ணன் நம்ம மேசையில வந்து உக்காரணும். பாத்துக்கிட்டே இரு."

ஏப்ரலில் மேட்டுக்கு உளவு பார்க்கப் போனவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அண்ணி நார்மா பனிக்காலத்தில் போய்ச்சேர்ந்ததிலிருந்து ஆரின் பாத்தியைக் கொத்தவே இல்லையாம். "யாருக்குடா போடணும்?" என்று கேட்டாராம்.

"அப்ப நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றேன், வேண்டுமென்றே.

"சும்மா இரு," என்று ஒரு தகரத்தை வண்டியில் ஏற்றினார். நன்றாக வளர்ந்திருந்ததைத்தான் எடுத்தார். நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

"ஒன் ஓட்டத் தகரத்த எடுத்துக்கிட்டுப் போடா!" என்று ஆரின் வாசலில் நின்று கத்தினார். வெண்டல் காதில் வாங்காமல் அண்ணன் பாத்தியைக் கொத்தினார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஆரின், "கோணலா போவுது பாரு, கழுத," என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது.

ஜூன் கடைசி. எங்கள் செடி இன்னும் பூவோடு நிற்கிறது. போன் அடித்தது.

"ஏம்மா, இங்க பட்டாணிக் காயில மணி பிடிச்சிருச்சு," என்றார் ஆரின். "நாலாந்தேதி விருந்து என் வீட்டுலதான். ஒன் புருஷனுக்கு வெள்ளாமை வராதுன்னு நான் சொன்னதாச் சொல்லு."

சொன்னேன். "என் நாத்து! என் தகரம்!" என்று வெண்டல் வீடே அதிரக் குதித்தார். திடீரென்று நின்றார்.

"அண்ணன் குரல் எப்படி இருந்துச்சு?"

"பழையபடி. திமிரா."

"நெசமாவே திமிரா இருந்துச்சா?"

"ரொம்ப."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.