இரண்டு தலைவர்களும் ஒரு லிஃப்டும்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதானதற்குக் காரணம் மோட்டார். அது பழுதாகவே கிடந்ததற்குக் காரணம் தலைக்கனம். நான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

சங்கத் தேர்தலில் இரண்டாம் மாடிப் பல் டாக்டருக்கும் கீழ்த்தளத்துத் தையல்கடை அக்காவுக்கும் சரிசமமாக ஓட்டு விழுந்தது. சரி, இரண்டு பேரும் சேர்ந்தே தலைமை வகிக்கட்டும் என்று கைதட்டினோம். தட்டிய கையாலேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர்களை என்னவென்று அழைப்பது?

"ஒருத்தர் தலைவர், இன்னொருத்தர் துணைத் தலைவர்" என்று நான் வாயெடுத்ததுமே இருவர் முகமும் சுண்டிப்போனது.

"இணைத் தலைவர்னு போடலாமே?" என்றார் டாக்டர்.

"யாரோட யாரை இணைக்கிறதாம்? நான் என்ன உங்க கோட்டுல தைச்ச பட்டனா?" என்றார் அக்கா.

"அப்ப சக தலைவர்?" என்றேன்.

"பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டர்.

"இரட்டைத் தலைவர்கள்?"

"நாங்க என்ன ஒட்டிப் பொறந்தவங்களா?" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பதவிக்குப் பெயர் முடிவாகாமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் கம்பெனிக்குக் கடிதம் போகவில்லை. அதிகாரத்தை மட்டும் ஜரூராகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி டாக்டர் பையில், இன்னொன்று அக்கா இடுப்பில்.

இதில் வயிறெரிந்தது எனக்கு. லிஃப்ட் நின்ற அன்று என் மாமியார் கடைக்குப் போயிருந்தார். மூட்டுவலிக்காரர், ஐந்து மாடி ஏற முடியாது. தையல்கடைப் பின்னறையிலேயே தங்கிவிட்டார். மாமனாரோ காலில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டில், ஐந்தாம் மாடியில். அவரால் இறங்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள்கூடப் பிரிந்திராத இருவரும் பால்கனிக்கும் வாசலுக்கும் இடையே கத்திக் குடும்பம் நடத்தினார்கள். மாமனாருக்கு மலச்சிக்கல் இருப்பது தெருவுக்கே தெரிந்துபோனது.

நடுவில் என் பாடு திண்டாட்டம்.

"ஏம்மா, உப்பைக் கொஞ்சம் கம்மியா போடு" என்பார் மாமா நாற்காலியிலிருந்து. கீழேயிருந்து உடனே அத்தையின் குரல் வரும்: "உப்பைக் குறைக்கச் சொல்லுவார், கேக்காதே!"

ஒருநாள் மாமா பால்கனியிலிருந்து திரும்பி, "அவ குரல் மெலிஞ்சு போச்சும்மா" என்றார். கத்திக் கத்தி மெலிந்திருந்தது அவர் குரல்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பெயராவது பதவியாவது என்று நானே மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டுவிட்டேன்.

அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஐந்தாம் மாடி லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர்கள் இருவரும் யாரும் யாருக்கும் பின்னால் வரக்கூடாது என்று தோளோடு தோள் உரசிக்கொண்டு படியேறி வந்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் பூட்டுகளைத் திறந்தார்கள். மெக்கானிக் உள்ளே குடைந்துவிட்டு, "ஒரு சாமான் வண்டியில இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் யாரும் ஏறிடாதீங்க" என்று இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், அறை திறந்து கிடக்கலாமா என்று ஆளுக்கொரு பூட்டைப் போட்டார்கள். ஐந்தாம் மாடிக்கு இறங்கி வந்தால் லிஃப்டில் விளக்கு எரிகிறது. முதல் சவாரியை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? இருவரும் முட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அரை மாடி இறங்கிய லிஃப்ட் ஒரு முனகலோடு நின்றது.

சாமானோடு மூச்சிரைக்க வந்த மெக்கானிக், "மேல போய்க் கையால இறக்கிடலாம். ரூம் சாவி குடுங்க" என்றார்.

சாவி இரண்டும் லிஃப்டுக்குள் இருந்தன.

"அப்ப பூட்டை உடைக்கணும். பொறுப்பானவங்க யாராவது சொல்லணும். தலைவர் யாரு?"

"நான்தான்!" என்று லிஃப்டுக்குள்ளிருந்து இரண்டு குரல்கள் வந்தன.

"அந்தம்மா பூட்டை முதல்ல உடைங்க!" என்றார் டாக்டர்.

"ஏன், உங்க பூட்டு என்ன தங்கமா? அவருதை முதல்ல உடைங்க!" என்றார் அக்கா.

கால் மணி நேரம் இதே பாட்டு. கடைசியில் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "ரெண்டையும் உடைங்க. யார் சொன்னதுன்னு கேட்டா, அஞ்சாம் மாடிக்காரி சொன்னான்னு சொல்லுங்க" என்று மெக்கானிக்கின் சுத்தியலை நானே தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு நடந்தேன். முதலில் யாருடைய பூட்டு உடைந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

லிஃப்டை மெக்கானிக் நான்காம் மாடிக்கு இறக்கினார். கதவு திறந்ததும் தலைவர்கள் வேர்த்து விறுவிறுத்து வெளியே விழுந்தார்கள். சாமானைப் பொருத்தி இரண்டுமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, இனி ஏறலாம் என்றார். மாமாவிடம் சொல்ல ஓடினேன். நாற்காலி காலி. ஊன்றுகோலையும் காணோம்.

தடதடவென்று படியிறங்கினேன்.

மாமாவும் அத்தையும் மூன்றாம் மாடிப் படியில் இருந்தார்கள். தலைவர்கள் சண்டை முடியாது என்று கண்ட மாமா, நாங்கள் மொட்டைமாடிக்குப் போனதும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கியிருக்கிறார். அவர் இப்படித்தான் கிளம்புவார் என்று அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. இருந்தும் அத்தையும் கீழேயிருந்து கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறியிருக்கிறார். இப்போது இருவராலும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இஸ்திரிச் சட்டை முழுக்கப் படித் தூசி.

லிஃப்டை மூன்றாம் மாடிக்கு வரவழைத்தேன். என் பின்னாலேயே இறங்கி வந்த தலைவர்கள் கதவு மூடாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அத்தை, லிஃப்ட் வந்தாச்சு. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

"நீ போம்மா" என்றார் அத்தை. "இவர் இன்னும் பேசி முடிக்கல."

மாமா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.